வந்த வழியே திரும்பும் தண்ணீர்: குடிநீர்க் குழாயில் பின்னோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருக்குழாயில் ஒரு நாளைக்குச் சில மணி நேரமோ, ஒரு நாள் விட்டு ஒரு நாளோ தண்ணீர் வரும் ஊர்களை மனதில் வைத்து எழுதியது இது. சம்பு, மோட்டார், மாடி டேங்க், கூடவே ஒரு போர் என்று இருக்கிற வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொருந்தும்.

பின்னோட்டம் என்றால் என்ன?

தெருவிலிருந்து வீட்டுக்குள் வரவேண்டிய தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போவது. பிளம்பர்கள் "லைன் ரிவர்ஸ் எடுக்குது" என்பார்கள். குழாய்வாய் எதில் முங்கியிருக்கிறதோ அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சம்பு அடியில் படிந்த வண்டல், வாளியில் இருந்த சோப்புத் தண்ணீர், குழாய்க்குழியில் தேங்கிய சாக்கடை எல்லாமே இதில் அடக்கம். அடுத்த முறை சப்ளை வரும்போது முதலில் வருவது அதுதான். உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, அதே லைனில் இருக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் வரும்.

இது இரண்டு விதமாக நடக்கும். தெருப்பக்கம் அழுத்தம் குறைந்து குழாய் உறிஞ்சினால் ஒன்று. உங்கள் பக்கம் மோட்டாரோ உயரமான டேங்கோ தெருவைவிட அதிக அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை வெளியே தள்ளினால் இன்னொன்று. நம் ஊரில் முதல் வகைதான் மிக அதிகம்.

சப்ளை நின்ற பிறகு குழாய் ஏன் உறிஞ்ச வேண்டும்?

வால்வை மூடியதும் தெருக்குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்பதில்லை. பள்ளத்தில் இருக்கும் வீடுகள் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கும். குழாய் காலியாகக் காலியாக, அந்த இடத்தை நிரப்ப ஏதாவது உள்ளே போயாக வேண்டும். மேட்டில் உள்ள வீட்டில் குழாயைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்பது இதனால்தான். ஒரு துண்டுக் காகிதத்தைக் குழாய்வாயில் வைத்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும்.

காற்று இழுத்தால் பாதகமில்லை. ஆனால் அந்தக் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கி இருந்தால், காற்று போகவேண்டிய இடத்தில் தண்ணீர் போகும். ஆக, பின்னோட்டத் தடுப்பில் கேட்கவேண்டிய முதல் கேள்வி "என்ன வால்வு போடலாம்?" என்பதல்ல. "என் வீட்டில் எந்தெந்தக் குழாய்வாய் தண்ணீரில் முங்குகிறது, அல்லது முங்கக்கூடும்?" என்பதுதான்.

24 மணி நேரமும் அழுத்தத்தோடு ஓடும் ஊர்களில் மெயின் (தெருவின் முதன்மைக் குழாய்) உடைந்தாலோ தீயணைப்புக்குத் தண்ணீர் எடுத்தாலோதான் இப்படி நடக்கும். நமக்கு ஒவ்வொரு முறை வால்வு மூடும்போதும் நடக்க வாய்ப்பு உண்டு.

காற்று இடைவெளி என்கிறார்களே, எவ்வளவு விட வேண்டும்?

குழாய்வாய்க்கும், அதன் கீழே உள்ள தொட்டியில் தண்ணீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்துக்கும் நடுவே விடும் காலி இடம்தான் காற்று இடைவெளி. அளவு: குழாயின் உள்விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, ஆனால் எப்படியும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அரை அங்குலக் குழாய்க்கு 30 மி.மீ., முக்கால் அங்குலத்துக்கு 40, ஒரு அங்குலத்துக்கு 50. குழாய்வாய் சுவரை ஒட்டி இருந்தால் இரண்டு மடங்கு போதாது, மூன்று மடங்கு வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், நாலு விரற்கடை இடம் விடுங்கள். சாதாரண வீட்டில் உள்ள எந்தக் குழாய்க்கும் அது போதும்.

தவறு நடப்பது அளக்கும் இடத்தில். மிதவை வால்வு மூடும் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். மிதவை என்றைக்காவது பழுதாகும். அன்றைக்குத் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வரை ஏறும். ஓவர்ஃப்ளோ இல்லாத சம்பில் மூடி விளிம்பு வரை ஏறும். அந்த மட்டத்துக்கு மேலேதான் இடைவெளி கணக்கு.

இதில் ஸ்பிரிங் இல்லை, ரப்பர் இல்லை, துருப்பிடிக்க ஒன்றுமில்லை. கெட்டுப்போகாத ஒரே தடுப்பு இதுதான்.

எங்கள் சம்பு தரைக்குக் கீழே. தெரு லைன் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, எல்போ போட்டு அடிவரைக்கும் இறங்குகிறது. என்ன செய்வது?

பெரும்பாலான வீடுகளின் நிலைமை இதுதான். தண்ணீர் விழும் சத்தம் வரக் கூடாது என்றோ, அடியில் இருந்தால் நன்றாக வரும் என்றோ நினைத்து அடிவரை இறக்கிவிடுகிறார்கள். குழாய்வாய் மட்டத்துக்கு மேல் தண்ணீர் நிரம்பியதும் அது நிரந்தரமாக முங்கிய வாய். இறங்கும் துண்டை இன்றைக்கே அறுத்துவிடலாம். சுவரில் நுழையும் இடத்திலேயே தண்ணீர் விழட்டும். இதனால் வரத்து குறையாது. முங்கிய வாயின் மேல் நிற்கும் தண்ணீரை எதிர்த்துத் தள்ள வேண்டியதில்லை என்பதால் சற்றுக் கூடவே வரும்.

அடுத்து, குழாயை மேலே தூக்க முடியுமா என்று பாருங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் 3 மீட்டர் வாங்கி, சப்ளை நேரத்தில் தெரு லைனில் செருகி, நேராக மேலே பிடியுங்கள். டியூபில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் உங்கள் லைனின் அழுத்தம். சப்ளை தொடங்கும்போதும் முடியும்போதும் இரண்டு முறை பாருங்கள். தரைக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் யோசிக்கவே வேண்டாம்: லைனைத் தரைக்கு மேலே கொண்டுவந்து, வாத்துக் கழுத்துபோல் வளைத்து, சம்பு மூடி விளிம்புக்கு நாலு விரற்கடை மேலிருந்து ஊற்றவிடுங்கள். தூசி, பல்லி போகாமல் அதற்கு ஒரு சின்னக் கூண்டு அமைக்க வேண்டிவரும்.

அந்த அழுத்தம் இல்லையென்றால் குழாயை உயர்த்த முடியாது. சம்பின் மட்டத்தைத் தாழ்த்தலாம். மிதவை வால்வை, குழாய்வாய்க்கு 15 செ.மீ. கீழேயே மூடுமாறு வையுங்கள். இதில் கொள்ளளவு போகும். 1.8 மீட்டருக்கு 1.5 மீட்டர் சம்பில் மேலே 30 செ.மீ. விட்டுவிட்டால் 810 லிட்டர் நஷ்டம். தண்ணீர்க் கஷ்டம் உள்ள வீட்டில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், நியாயம்தான். ஆனாலும் அந்த 810 லிட்டரைவிட, வாய் முங்காத குழாய் பெரிது. மிதவை பழுதானால் தெரிய, அதன் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு லெவல் அலாரம் வைத்துவிடுங்கள். தெரு லைனில் ஒரு என்.ஆர்.வி.யும் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போடுங்கள். இது அசல் காற்று இடைவெளி அல்ல, அதற்கு அடுத்தபடி.

குழாயின் மேல்பக்கத்தில் 6 மி.மீ. ஓட்டை போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். குழாய் வழியே தண்ணீர் தானாக ஏறி வடியும் சைஃபன் ஓட்டத்தை அந்த ஓட்டை பலவீனப்படுத்தும். யாராவது தெருவில் மோட்டார் போட்டு உறிஞ்சினால் அது தாங்காது.

என்.ஆர்.வி. இருக்கிறதே, அது போதாதா?

போதாது. என்.ஆர்.வி. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டும் என்பது எண்ணம். உள்ளே ஒரு தட்டோ பந்தோ வந்து உட்கார வேண்டும். அந்த உட்காரும் இடத்தில் ஒரு மணல் துணுக்கு சிக்கினால் போதும், மூடாது. உப்புத் தண்ணீர் ஓடும் லைனில் வெள்ளைப் படிவம் ஏறித் தட்டு திறந்தபடியே நிற்கும். பழுதானதை அது சொல்லவும் சொல்லாது. தண்ணீர் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. ஸ்பிரிங் வைத்த என்.ஆர்.வி. திறக்கவே கொஞ்சம் அழுத்தம் கேட்கும். தெரு லைன் ஒரு மீட்டர்கூட ஏறாத இடத்தில் அந்தக் கொஞ்சமே பெரிய இழப்பு. அங்கே தட்டு ஊசலாடும் பித்தளை வகை நல்லது. அந்த வகையைப் படுக்கையாக, கீல் மேலே இருக்கும்படி பொருத்த வேண்டும். நிமிர்த்திப் பொருத்தினால் தண்ணீர் கீழிருந்து மேலே போகிற குழாயில் மட்டும். மேலிருந்து கீழே இறங்கும் குழாயில் போட்டால் தட்டு தொங்கிக்கொண்டு திறந்தே இருக்கும். உடம்பில் அம்புக்குறி இருக்கும், ஓட்டத் திசையில் இருக்கட்டும். இரண்டு பக்கமும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) போடாமல் பொருத்தினால் பிறகு கழற்ற ரம்பம்தான் வேண்டும். அதனாலேயே யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

என்.ஆர்.வி. வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

மோட்டாரிலிருந்து மாடி டேங்குக்கு ஏறும் லைன் என்றால் எளிது. மோட்டாரை நிறுத்தி, மின்சார மெயினையும் அணைத்துவிட்டு, பிரைமிங் மூடியை (மோட்டாரில் முதலில் தண்ணீர் ஊற்றும் வாயின் மூடி) மெதுவாகத் தளர்த்துங்கள். கொஞ்சம் தண்ணீர் வந்து நின்றால் சரி. நிற்காமல் பீறிட்டுக்கொண்டே இருந்தால் மேலே குழாயில் நிற்கும் தண்ணீர் என்.ஆர்.வி.யைத் தாண்டி இறங்குகிறது.

சம்புக்கு வரும் தெரு லைனில் அந்தப் பக்கம் அழுத்தம் இருக்காது, அதனால் கழற்றித்தான் பார்க்க வேண்டும். யூனியனைக் கழற்றி, வெளியேறும் வாய் மேலே வருமாறு பிடித்து, அதில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி 5 நிமிடம் காத்திருங்கள். கீழே சொட்டினால் கழுவி, படிவத்தை வினிகரில் ஊறவைத்து நீக்கி, மறுபடி சோதியுங்கள். அப்போதும் சொட்டினால் மாற்றிவிட வேண்டியதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம். மண் வரும் லைனில் அதற்கு முன்பே.

தெரு லைனில் நேரடியாக மோட்டார் போட்டால் என்ன? எல்லோரும்தான் போடுகிறார்கள்.

அரை ஹெச்.பி. செல்ஃப் பிரைமிங் மோட்டார் ஒன்று சுமார் 6 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சக்கூடியது. அதைத் தெருக்குழாயில் போட்டால் பக்கத்து வீட்டுச் சம்பிலிருந்து, அடுத்த வீட்டுக் குழியிலிருந்து, குழாய் மூட்டுகளில் உள்ள விரிசல் வழியே சுற்றியுள்ள ஈரமண்ணிலிருந்து இழுக்கும். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் ஓடினால் அந்த ஈரம் எது என்று சொல்லத் தேவையில்லை. அதில் பெரும்பகுதி வந்து சேர்வது மோட்டார் போட்டவர் சம்புக்குத்தான் என்பதை அவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

இது சட்டப்படியும் தவறு. உள்ளாட்சி அமைப்புகள் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிக்கின்றன. லைனைச் சம்பில் விழவிட்டு, சம்பிலிருந்து மோட்டார் போட்டு ஏற்றுவதுதான் முறை.

வாசலில் குழி தோண்டி அதற்குள் குழாய் வைத்திருக்கிறோம். அதில்தான் தண்ணீர் நன்றாக வருகிறது.

உண்மைதான்; தாழ்ந்த இடத்தில் நன்றாக வரும். ஆனால் இந்தக் குழிக்குழாய்தான் எல்லாவற்றிலும் மோசமான அமைப்பு. குடம் நிரம்பி வழிந்த தண்ணீரும், வாசல் கழுவிய தண்ணீரும், மழைத் தண்ணீரும் அந்தக் குழியில்தான் போய்த் தேங்கும். சப்ளை நின்ற பிறகு குழாயை மூடாமல் விட்டால், அல்லது மூடியே இல்லாத வெறும் குழாயாக இருந்தால், குழியில் உள்ளது முழுக்க மெயினுக்குள் போய்விடும். மறுநாள் பார்த்தால் குழி காய்ந்திருக்கும், மண் உறிஞ்சிவிட்டது என்று நினைப்போம்.

குழியை விடவே முடியாது என்றால்: அடியில் சிமெண்ட் தளம், தண்ணீர் தேங்காமல் வடிய வழி அல்லது இறைத்துவிட ஒரு குவளை, குழியைச் சுற்றி 15 செ.மீ. உயரக் கட்டை, குழாய்வாய் தளத்திலிருந்து குறைந்தது 30 செ.மீ. மேலே, சப்ளை முடிந்ததும் டேப்பை மூடி அதன்மேல் தொப்பி. அடிபம்பு வைத்தவர்களும் அதன் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்த் ஃபாசெட் (கழிப்பறைக் கை ஷவர்) ஆபத்தா? அது மாடி டேங்க் தண்ணீர்தானே?

மாடி டேங்க் தண்ணீர்தான். ஆனால் அதே லைனில்தான் சமையலறைக் குழாயும் இருக்கிறது.

நடப்பது இப்படி. முதல் மாடிக் குளியலறையில் ஹெல்த் ஃபாசெட்டைக் கொக்கியில் மாட்டாமல் வாளிக்குள் போட்டுவைத்திருக்கிறார்கள். விசை தேய்ந்து முழுதாக மூடவில்லை. மொட்டைமாடியில் டேங்க் கழுவ வந்தவர் கேட் வால்வை மூடுகிறார். கீழ்வீட்டில் சமையலறைக் குழாயைத் திறக்கிறார்கள். இறங்கும் குழாயில் உள்ள தண்ணீர் கீழே வடிய, மேலே வெற்றிடமாகி, முதல் மாடி வாளித் தண்ணீர் ஹோஸ் வழியாக ஏறி, கீழே சோற்றுப் பானைக்குள் வருகிறது. தரைதளத்துக்கும் முதல் மாடிக்கும் உள்ள 3 மீட்டர் வித்தியாசமே இதற்குத் தாராளம்.

கொக்கியைத் தரைக்கு மேல் போதிய உயரத்தில் அடித்து, ஹோஸ் நீளம் எப்படித் தொங்கினாலும் வாய் கழிப்பறைக் கோப்பைக்குள்ளோ வாளிக்குள்ளோ எட்டாதபடி வாங்குங்கள். பயன்படுத்தியதும் சுவரில் உள்ள ஆங்கிள் வால்வை மூடுங்கள். விசையை மட்டும் நம்பாதீர்கள்.

மாடி டேங்க் அருகே ஒரு குழாய் வானத்தைப் பார்த்து நிற்கிறது. அது எதற்கு? தண்ணீர் சொட்டுவதால் அடைத்துவிட்டோம்.

திறந்துவிடுங்கள். மேலே சொன்ன சோற்றுப் பானைக் கதையைத் தடுப்பதே அதுதான். டேங்கிலிருந்து இறங்கும் குழாயில் வெற்றிடம் வந்தால் காற்றை உள்ளே விடும் மூச்சுக்குழாய் அது. கேட் வால்வுக்கு அடுத்து, வீட்டுப் பக்கம் இருக்க வேண்டும். டேங்கின் மேல்விளிம்பைவிட 30 செ.மீ.யாவது உயர்ந்திருக்க வேண்டும். சொட்டுகிறது என்றால் உயரம் போதவில்லை என்று பொருள். துண்டுக் குழாய் சேர்த்து உயர்த்துங்கள். நுனியில் எல்போ போட்டுக் கீழ்நோக்கித் திருப்பி, கொசுவலைக் கம்பி கட்டுங்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்க: கேட் வால்வை மூடி, கீழ்க்குழாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மூச்சுக்குழாய் வாயில் ஒரு மெல்லிய காகிதத்தைக் காட்டுங்கள். உள்ளிழுத்தால் சரி. இன்னும் உறுதி வேண்டுமானால், கழுவிய வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து, கழுவிய ஹெல்த் ஃபாசெட்டை அதில் முக்கி விசையை அழுத்திக்கொண்டு, இதையே செய்யுங்கள். கீழே ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தால் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறது.

போர் தண்ணீரையும் மெட்ரோ வாட்டரையும் (தெருக்குழாய்க் குடிநீர்) ஒரே லைனில் கொடுத்து, வால்வு வைத்து மாற்றிக்கொள்கிறோம். சரிதானே?

வால்வு மூடியிருக்கிறது என்பதும் தண்ணீர் கலக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. போர் மோட்டார் கொடுக்கும் அழுத்தம் தெரு லைனைவிடப் பல மடங்கு. கேட் வால்வு லேசாகக் கசிந்தாலும் போர் தண்ணீர் தெருவுக்குள் தள்ளப்படும். இதுதான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது வகைப் பின்னோட்டம். தெரு லைன், போர் லைன் இரண்டையும் குழாயாக இணைக்கவே கூடாது. தனித்தனியாகக் கொண்டுபோய்த் தொட்டியில் மேலிருந்து விழவிடுங்கள். குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டருக்குத் தனிச் சம்பு, தனி டேங்க் இருந்தால் உத்தமம்.

மாற்றிக்கொள்ளும் வசதி கட்டாயம் வேண்டும் என்றால், சம்புகளுக்குப் பிறகு, இரண்டு யூனியன்களுக்கு நடுவே கழற்றி மாட்டும் ஒரே ஒரு துண்டுக் குழாய் வையுங்கள். ஒரே துண்டு ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்க முடியும்.

ஆர்.ஓ. (குடிநீர் சுத்திகரிப்பான்) வேஸ்ட் ட்யூபைச் சிங்க் வடிகுழாயில் செருகியிருக்கிறோம்.

வெளியே எடுத்து, சிங்க் மேல் விளிம்புக்கு மேலிருந்து சொட்டவிடுங்கள். வாஷிங் மெஷின் வடிகுழாய், கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னரைக் கழுவும் லைன் எல்லாவற்றுக்கும் இதே விதி: சாக்கடைக்குள் செருகாதே, மேலிருந்து விழவிடு.

கீசரால் பின்னோட்டம் வருமா?

சூடேறினால் தண்ணீர் விரியும். வழியில்லாவிட்டால் குளிர்நீர்க் குழாய்க்குள் திரும்பித் தள்ளும். கீசரோடு வரும் பாதுகாப்பு வால்வைக் கழற்றாமல், அதிலிருந்து சொட்டுவதை அடைக்காமல் இருந்தால் போதும்.

அபார்ட்மென்டில் சுத்திகரித்த கழிவுநீரை ஃபிளஷுக்குக் கொடுக்கிறார்கள். குடிநீர் லைனில் கலக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. கட்டும்போது அல்ல, பிறகு வரும் சின்ன ரிப்பேர்களில். ஷாஃப்டில் (குழாய்கள் இறங்கும் இடுக்கு) இரண்டு குழாய்களும் அருகருகே ஓடும். ஒருவர் வந்து கைக்கு எட்டியதில் 'டீ' என்ற கிளை இணைப்பைப் போட்டுவிடுவார். நிறம் பூசி, ஒவ்வொரு மாடியிலும் 'குடிக்க அல்ல' என்று எழுதிவைப்பது அவசியம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது.

வருடத்துக்கு ஒரு முறை இப்படிச் சோதியுங்கள். குடிநீர் லைனை முழுதாக மூடி, ஒவ்வொரு வீட்டிலும் குழாய்களைத் திறந்து காலியாக்குங்கள். ஃபிளஷ் லைனை மட்டும் அழுத்தத்தில் வைத்து அரை மணி நேரம் காத்திருங்கள். எந்தச் சமையலறை, குளியலறைக் குழாயிலாவது தண்ணீர் தொடர்ந்து வந்தால் அங்கே எங்கோ கலப்பு இருக்கிறது. பிறகு தலைகீழாக: ஃபிளஷ் லைனை மூடி, குடிநீரைத் திறந்து, எந்த ஃபிளஷ் டேங்காவது நிரம்புகிறதா என்று பாருங்கள். ஒரு வீடு பூட்டியிருந்தால் சோதனை முடிந்ததாகக் கணக்கில்லை.

கடை, ஹோட்டல், கிளினிக் நடத்துகிறோம். எங்களுக்கு எது வேண்டும்?

கலந்தால் உயிருக்கு ஆபத்தா, இல்லை அருவருப்போடு போய்விடுமா என்பதுதான் கேள்வி. சாயப்பட்டறை, முலாம் பூசும் இடம், ரசாயனம் கலந்த பாய்லர், கூலிங் டவர், பல் மருத்துவமனை, டயாலிசிஸ், ஆய்வகம் எல்லாம் முதல் வகை. இங்கே குடிநீர் லைன் நேராக எந்த இயந்திரத்துக்கும் போகக் கூடாது. காற்று இடைவெளியோடு நிரம்பும் தனித்தொட்டி, அதிலிருந்து தனி மோட்டார், இயந்திரத்துக்கு மட்டும் தனி லைன். இடம் அடைக்கும், ஆனால் பராமரிக்க ஆள் வேண்டாம்.

வெளிநாடுகளில் இந்த இடத்தில் ஆர்.பி.இசட். என்ற கருவியைப் போடுவார்கள். இரண்டு தடுப்பு வால்வுகள், நடுவே தானாகத் திறந்து தண்ணீரை வெளியே கொட்டிவிடும் ஒரு வாய். நல்ல கருவிதான். ஆனால் அது தன் பங்குக்குச் சுமார் 0.7 பார், அதாவது 7 மீட்டர் அளவு அழுத்தத்தை விழுங்கும். நம் தெரு லைனில் அவ்வளவு இருந்தால்தானே. மோட்டாருக்குப் பிறகு வேண்டுமானால் போடலாம். வருடாவருடம் கேஜ் (அழுத்தமானி) வைத்துச் சோதிக்க வேண்டும்; தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், வெள்ளம் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். குழிக்குள் வைத்தால் அந்தக் கொட்டும் வாயே முங்கிவிடும்.

ஹோட்டலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் தொங்கும் ரப்பர் ஹோஸ், சலூனில் பேசினுக்குள் கிடக்கும் ஷவர் கைப்பிடி, கார் வாஷில் ஷாம்பு டிரம்முக்குள் விட்ட ஹோஸ்: மூன்றும் ஒரே தவறு. குழாயோடு நிரந்தரமாக ஹோஸ் மாட்டாதீர்கள், அல்லது தொட்டி விளிம்புக்கு மேலேயே முடியும் நீளத்துக்கு வெட்டுங்கள். சோடா இயந்திரம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் பின்வாங்கிச் செம்புக் குழாயில் நின்றால் செம்பைக் கரைத்துவிடும், குடித்தவருக்கு உடனே வாந்தி வரும். இயந்திரத்துக்கு முன் இரட்டைத் தடுப்பு வால்வு வேண்டும், அதற்குப் பிறகு செம்புக் குழாய் கூடாது.

சொட்டுநீரில் வெஞ்சுரி (உரக் கரைசலை ஓட்டத்துக்குள் இழுத்துவிடும் கருவி) வைத்து உரம் விடுகிறோம். கிணற்றுக்குத் திரும்புமா?

மோட்டார் நின்றதும் திரும்பும். போர் குழாயில் உள்ள தண்ணீர் கீழே இறங்கும்போது உரக் கரைசலையும் இழுக்கும். மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் இடையே என்.ஆர்.வி., அதன் அருகே காற்று வால்வு, உரத் தொட்டிக் குழாயில் தனி டேப் மூன்றும் வேண்டும். உரம் முடிந்ததும் முதலில் டேப்பை மூடி, 10 நிமிடம் வெறும் தண்ணீர் ஓட்டி, பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். பூச்சிமருந்து டிரம்மில் ஹோஸ் நுனியை முக்கி நிரப்பவே நிரப்பாதீர்கள்.

இதனால் உண்மையிலேயே யாருக்காவது நோய் வந்திருக்கிறதா?

1933-ல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது இரண்டு ஹோட்டல்களில் குடிநீரும் கழிவுநீரும் கலந்து அமீபிக் சீதபேதி பரவியது. 98 பேர் இறந்தார்கள். 1969-ல் அமெரிக்காவின் ஹோலி கிராஸ் கல்லூரிக் கால்பந்து அணியில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஹெபடைடிஸ் ஏ தொற்று. பக்கத்தில் ஒரு தீயை அணைக்கத் தண்ணீர் எடுத்தபோது மெயினில் அழுத்தம் விழுந்தது. மைதானத்தில் தரைமட்டக் குழியில் இருந்த குழாய், குழியில் தேங்கிய அழுக்கு நீரை உறிஞ்சிக்கொண்டது. வீரர்கள் குடித்தது அந்த லைனில். வாசல் குழிக்குழாய் வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கலாம்.

தண்ணீர் கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

சப்ளை வந்த முதல் சில நிமிடங்களில் நாற்றம், கலங்கல், நுரை. அந்த முதல் 5 முதல் 10 நிமிடத் தண்ணீரைச் சம்பில் விடாமல் செடிக்கு விடுங்கள். ஆனால் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். குளோரின் பார்க்கும் ஓ.டி. கிட் வாங்கிவையுங்கள்: குழாய்த் தண்ணீரில் சில சொட்டு விட்டால் மஞ்சளாக வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி, குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வழக்கமாக மஞ்சள் காட்டும் லைன் திடீரென்று நிறமே காட்டாவிட்டால் சந்தேகப்படுங்கள். கிருமி சோதிக்கும் ஹெச்2எஸ் குப்பியில் தண்ணீர் நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் வைத்து, 24 முதல் 48 மணி நேரத்தில் கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் கொதிக்கவைத்துக் குடியுங்கள், தெருவில் மற்ற வீடுகளுக்கும் சொல்லுங்கள், சென்னையில் 1916 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள். மற்ற ஊர்களில் நகராட்சி, ஊராட்சி அலுவலகத்துக்கு.

சம்பு கெட்டுவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் உயிர். மோட்டார் மெயினை அணையுங்கள். மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றோடவிடுங்கள். யாரும் தனியாக இறங்கக் கூடாது. மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். இறங்கியவர் மயங்கினால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கவே கூடாது. சம்பு சாவுகளில் இரண்டாவது ஆள் போவது அப்படித்தான்.

வடித்து, வண்டலை அள்ளி, தேய்த்துக் கழுவிய பின் நல்ல தண்ணீர் நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 200 கிராம் பிளீச்சிங் பவுடர் (25 சதவீதக் குளோரின் உள்ளது) என்ற கணக்கில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, தெளிந்ததும் மேல்தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். 12 மணி நேரம் அப்படியே நிற்கட்டும். ஆசிட்டோ ஃபினாயிலோ அந்தப் பக்கமே வரக் கூடாது. பிறகு முழுதும் வடித்து, புதுத் தண்ணீர் விட்டு அலசி, மறுபடி நிரப்புங்கள்.

அன்றாடக் கிருமிநீக்கத்துக்கு 1,000 லிட்டருக்கு 4 முதல் 8 கிராம் பவுடர் போதும். அரை மணி நேரம் கழித்து ஓ.டி. கிட்டில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் காட்டினால் சரியான அளவு. பவுடர் பழசானால் வீரியம் இறங்கும், அதனால் திறந்த பாக்கெட்டை அடுத்த மழைக்காலத்துக்கு என்று எடுத்துவைக்காதீர்கள்.